கியோட்டோவில் நான்கு பருவமும் கண்டவர்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். குணசேகரத்தின் புளுகு ஏழு மாதம் ஓடியது. அவர் அவ்வளவு பெரிய கெட்டிக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். கேட்டவர்களுக்கு வேறு வேலை இருக்கவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு. சுவிட்சர்லாந்தில் கூர் நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில், விருந்தாளிகள் வராமல் மூடிக்கிடந்த பழைய விடுதி ஒன்றில் எங்கள் ஆட்களைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். காம்ப் என்று அதற்குப் பெயர். அகதி மனுக் கொடுத்தவர்கள் முதல் மாதங்களில் வேலைக்குப் போகக் கூடாது. சமைக்கலாம், சாப்பிடலாம், முந்நூற்றிநாலு என்ற சீட்டு விளையாடலாம், பக்கத்துக் கட்டில்காரனைப் பற்றிக் கதைக்கலாம். கடைசி வேலையை எல்லோரும் மிகத் திறமாகச் செய்தார்கள்.

புதிதாக ஒருவர் வந்தால், ஊர் எது, தகப்பன் பெயர் என்ன என்பதற்கு முன்பே, "எந்த வழியாலை வந்தனீர்?" என்றுதான் கேட்பார்கள். வந்த வழியை வைத்துத்தான் அங்கே மரியாதை. ஏன் வந்தீர் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை; அது எல்லோரிடமும் ஒவ்வொன்று இருந்தது, அதைத் தொட ஒருவரும் விரும்பவில்லை. சிவலிங்கம் என்பவர் மொஸ்கோ விமான நிலையத்தில் கக்கூசுக்குள் ஒளித்திருந்து தப்பி வந்தவர். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்தக் கக்கூசின் குளிர் கொஞ்சம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் அவர் உயிரோடு வந்தது எப்படி என்பதே கேட்பவர்களுக்கு விளங்காமல் போய்விட்டது. அதனால் அவரே காம்பின் பெரிய மனிதர். கறியில் முதல் அகப்பை அவருக்கு.

குணசேகரம் வந்த வழி வாய்விட்டுச் சொல்லும்படியாக இல்லை. கொழும்பு, மொஸ்கோ, கிழக்கு பேர்லின், அங்கிருந்து ரயில். பாதிப்பேர் வந்த பாதை. ஒளித்ததும் இல்லை, ஓடியதும் இல்லை, முக்கால்வாசி வழி நித்திரை. யாழ்ப்பாணத்தில் கொடிகாமத்துக்குப் பக்கத்தில், கூப்பனுக்குச் சாமான் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கக்கடை ஒன்றில் மனேஜராக இருந்த மனிதர். ஊரில் அவர் முகத்தைப் பார்த்துத்தான் சீனி அளவு கூடும், குறையும். இங்கே வெங்காயம் வெட்டும்போதுகூட ஒருவரும் அவருக்கு இடம் விடுவதில்லை. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

ஒருநாள் சீட்டு விளையாட்டில் ஏதோ தகராறு. சிவலிங்கம் சீட்டைக் கீழே எறிந்துவிட்டு, "கூப்பன் அரிசி அளந்தவருக்கு உலகம் எங்கை தெரியப்போகுது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குணசேகரத்துக்குக் காது இரண்டும் சுட்டது.

அதே கிழமை, தேவாலயத்திலிருந்து பிராவ் கடூஃப் என்ற அம்மா ஒரு பெட்டி நிறையப் பழைய புத்தகங்கள் கொண்டுவந்து வைத்தார். ஊர்ப் பூந்தோட்டச் சங்கத்துக்குத் தலைவி அவர். நல்ல மனம், பெரிய கை, எதைக் கொடுத்தாலும் பெட்டியாகக் கொடுப்பார். எல்லாம் ஜெர்மன் மொழி. குணசேகரம் பெட்டியைக் கிண்டி ஒரு படப்புத்தகத்தை எடுத்தார். ஜப்பானில் கியோட்டோ என்ற நகரத்தின் பூங்காக்களும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களும். எழுத்து விளங்கவில்லை. படங்கள் நன்றாக விளங்கின. இடப்பெயர்களை ஆங்கில எழுத்துத் தெரிந்தபடியால் கூட்டி வாசித்தார். இரண்டு நாள் போர்வைக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, புத்தகத்தை மெத்தைக்கு அடியில் தள்ளினார். மூன்றாம் நாள் சோறு போடும் நேரத்தில், ஒருவரையும் பார்க்காமல், பருப்புச் சட்டியைப் பார்த்துச் சொன்னார்:

"உந்தக் குளிர் என்ன குளிர். கியோட்டோவிலை நிக்கேக்கை பாத்த குளிருக்கு இது காணாது."

அகப்பைகள் நின்றன. "எங்கை, அண்ணை?" என்று கேட்டான் இரவீந்திரன். இருபத்து மூன்று வயது, எதையும் நம்புவதற்குத் தயாராகப் பிறந்தவன்.

"ஜப்பானிலை. ஏஜென்ட் என்னை அந்தப் பக்கத்தாலைதான் கொண்டுவந்தவன். சொல்லுறதுக்கு விருப்பமில்லாமல் இருந்தன்."

அன்றிலிருந்து மாலை நேரம் குணசேகரத்துக்குச் சொந்தம். அவர் கற்கள் தோட்டத்தைச் சொன்னார்: ஒரு மரம் இல்லை, ஒரு பூ இல்லை, வெள்ளைப் பரல்கற்களை வாரியால் கோடுகோடாக இழுத்துவிட்டு, நடுவே சில பாறைகள்; அதன் முன்னால் சனம் வாய் பேசாமல் குந்தியிருக்கும். "கல்லைப் பாக்கிறதுக்கு டிக்கெட்டோ?" என்று ஒருவர் கேட்டார். "ஓம். அதுதான் முன்னேறின நாடு," என்றார் குணசேகரம். பிறகு பாசித் தோட்டத்தைச் சொன்னார். எங்கள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு உடையாமல் இருக்கத் தேய்த்துக் கழுவுகிற அதே பாசியை, அந்த நாட்டில் தண்ணீர் தெளித்து, மிதிக்காமல், பிள்ளையைப் போல வளர்க்கிறார்கள் என்றார். நகரத்துக்கு வெளியே அரஷியாமாவின் மூங்கில் காடு. நாராவில் சனத்தோடு சனமாகத் திரியும் மான்கள். குளத்தின் நடுவே பொன்தகடு வேய்ந்த மண்டபம். சித்திரையில் செர்ரிப் பூ கொட்டும், கார்த்திகையில் மேப்பிள் இலை சிவக்கும், தையில் பொன்மண்டபத்தின் மேல் பனி கிடக்கும். புத்தகத்தில் என்ன படம் இருந்ததோ அதையெல்லாம் கண்டார்.

அவருக்கே தெரியாமல் அவருக்குள் இப்படி ஒரு வாய் இருந்திருக்கிறது. சங்கக்கடையில் "சீனி முடிஞ்சுது, நாளைக்கு வாங்கோ" என்பதற்கு மேல் அதற்கு வேலை வந்ததில்லை. ஒரு படத்தில் பாலத்தில் சிவப்புக் குடையோடு ஒரு பெண் நின்றாள். "எப்ப போனாலும் அந்தப் பாலத்திலை ஒரு மனுசி சிவப்புக் குடை பிடிச்சுக்கொண்டு நிப்பா. ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறாவோ தெரியாது," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். இரவீந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. சிவலிங்கத்தின் கக்கூசை அதற்குப் பிறகு யார் கேட்பார்கள்? முதல் அகப்பை இடம் மாறியது. பெயரும் மாறியது: ஜப்பான் அண்ணை.

இத்தோடு நின்றிருந்தால் ஒரு கேடும் இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? இரவீந்திரன் தனக்குத் தெரிந்த நாற்பது ஜெர்மன் சொல்லை வைத்து, ஜப்பான் அண்ணையின் பெருமையைப் பிராவ் கடூஃபிடம் சொல்லிவிட்டான். அந்த அம்மா இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்தார். அவருடைய சங்கத்துக்கு ஏழெட்டு வருடமாக ஜப்பான் தோட்ட மோகம். பக்கத்து வீட்டுக்காரன் புல்லை அரை அங்குலம் உயரமாக விட்டாலே கடிதம் எழுதும் மனிதர்கள், கல்லையும் பாசியையும் பற்றி அமைதி தேடிக் கூட்டம் போட்டார்கள். நேரில் கண்ட ஒருவர் தங்கள் மலையிலேயே இருக்கிறார் என்றால் விடுவார்களா?

தேவாலய மண்டபத்தில் பேச்சு ஏற்பாடாகியது. மொழிபெயர்க்கப் பத்மினி வந்தார். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண். பல வருடத்துக்கு முன்பே தாதியாக வந்து, கூர் மாப்பிள்ளை ஒருவரைக் கட்டி, இங்கேயே இருப்பவர். குணசேகரம் யாரோ கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறினார். கோட்டு இரண்டு பேரைக் கொள்ளும். ஆனால் பேச்சு பொருந்திவிட்டது. பாலத்துச் சிவப்புக் குடைப் பெண்ணும் அதில் வந்தாள். முன்வரிசையில் ஒருவர் கேட்டார், கற்கள் தோட்டத்தில் எத்தனை பாறைகள் என்று. குணசேகரம் படத்தில் எண்ணி வைத்திருந்தார். "பதினாலு," என்றார்.

பிராவ் கடூஃப் துள்ளி எழுந்தார். உண்மையில் பதினைந்து பாறைகளாம். எங்கே இருந்து பார்த்தாலும் ஒன்று மறைந்து பதினான்குதான் தெரியுமாம். "புத்தகத்தில் படித்தவர் பதினைந்து என்றிருப்பார். இவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்!" என்றார். மண்டபம் கைதட்டியது. குணசேகரம் தலையைக் குனிந்து அடக்கமாக ஏற்றுக்கொண்டார். தானும் அங்கே உட்கார்ந்திருந்ததாகவே அந்தக் கணத்தில் அவருக்குத் தோன்றியது.

கடைசியில் கண்ணாடி போட்ட மெல்லிய மனிதர் ஒருவர் எழுந்து, பாசி வளர்க்க வழி கேட்டார். "அரிசி கழுவின தண்ணி. நாளாந்தம் ஊத்தவேணும்," என்றார் குணசேகரம். மனிதர் அதைக் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார். அவர் யார் என்று குணசேகரம் விசாரிக்கவில்லை. கைதட்டுகிறவனின் உத்தியோகத்தை யார் விசாரிப்பார்கள்?

புரட்டாதியில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இதில் அதிகாரிக்கு முன்னால் சொல்வதை வைத்துத்தான் ஒருவர் இருக்கலாமா, போகவேண்டுமா என்பது. குணசேகரம் சாமிப்படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். கதவைத் திறந்தால் மேசைக்குப் பின்னால் அந்தக் கண்ணாடி மனிதர். ஹெர் கமெனிஷ். பக்கத்தில் மொழிபெயர்க்கப் பத்மினி.

கமெனிஷ் எழுந்து வந்து கைகொடுத்தார். "உங்களைக் கண்டது சந்தோசம் எண்டு சொல்லுறார்," என்றார் பத்மினி. "கோடை முழுக்க அரிசித் தண்ணி ஊத்தினவராம். தண்ணி வேணும் எண்டதுக்காக வீட்டிலை ஒவ்வொரு நாளும் சோறாம், பிள்ளையள் கோவமாம். பாசி இன்னும் வரேல்லை. எறும்புதான் வந்திருக்காம். எந்த அரிசி எண்டு கேக்கிறார்."

"பச்சையரிசி," என்றார் குணசேகரம். வாய் தானாகச் சொன்னது.

கமெனிஷ் உட்கார்ந்து, தட்டச்சில் தாளைச் செருகினார். முகம் அப்போதும் சிரித்தபடிதான் இருந்தது. குணசேகரம் மண்டபத்தில் சித்திரைப் பூவைச் சொன்னார், கார்த்திகை இலையைச் சொன்னார், தை மாதப் பனியைச் சொன்னார். அப்படியென்றால் கியோட்டோவில் குறைந்தது பத்து மாதம் இருந்திருக்க வேண்டும், சரிதானே? பத்மினி அதைத் தமிழில் சொல்லிவிட்டு, அடுத்ததையும் சொன்னார்.

"இன்னொரு நாட்டிலை அவ்வளவு காலம் பாதுகாப்பா இருந்தவர் அந்த நாட்டிலைதான் கேக்கவேணுமாம். இங்கை தரேலாதாம். அப்பிடித்தான் சட்டமாம். மன்னிக்கச் சொல்லுறார்."

ஜப்பான் குணசேகரத்தை எந்தக் காலத்திலும் எடுக்கப்போவதில்லை. அவர் போன அடையாளமே அங்கே இல்லை. பிறகு மிஞ்சியிருப்பது கொழும்புக்குப் போகிற விமானம். அதை நினைத்ததும் மானம், மரியாதை, முதல் அகப்பை எல்லாம் பறந்தன.

"பொய், ஐயா! நான் போகேல்லை. ஜப்பானைக் கண்ணாலையும் காணேல்லை. எல்லாம் புளுகு!"

கமெனிஷ் கண்ணாடியைக் கழற்றினார். இந்த நாற்காலியில் இருந்தவர்கள் போகாத சிறைக்குப் போனேன் என்றிருக்கிறார்கள். போன நாட்டுக்குப் போகவில்லை என்று சட்டம் தெரிந்ததும் மாற்றியிருக்கிறார்கள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தார். பதினாலு பாறை தெரிந்தவர் எப்படிப் போகாமல் இருப்பார்? அதோடு எறும்பு விஷயமும் மனதில் கிடந்திருக்கும். போகவில்லை என்பதற்குச் சாட்சி இருந்தால் அடுத்த கிழமை கொண்டுவரலாம் என்றார்.

ஒரு மனிதன் தான் பொய்யன் என்பதற்குச் சாட்சி தேடிய கதையை நீங்கள் வேறெங்கும் கேட்டிருக்கமாட்டீர்கள். குணசேகரம் காம்பின் சமையலறையில் எல்லோரையும் கூட்டி வைத்து, எழுத்துக்கெழுத்து உண்மையைச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. இரவீந்திரன் அவர் தோளைத் தடவினான். "பயத்திலை கதைக்கிறியள், அண்ணை. யோசியாதேங்கோ. அங்கை அனுப்பினாலும் தெரிஞ்ச இடம்தானே," என்றான்.

அவரை ஒருபோதும் நம்பாத ஒரே ஒருவர் சிவலிங்கம். வேறு வழியில்லை. குணசேகரம் அவருடைய கட்டிலடிக்குப் போய், நின்றபடியே கேட்டார்.

"நான் புளுகன் எண்டு நீர் வந்து சொல்லவேணும்."

சிவலிங்கம் எழுந்து உட்கார்ந்தார். ஏழு மாதம் காத்திருந்த முகம். "இதுக்குக் கெஞ்சவேணுமோ? சந்தோசமாச் சொல்லுவன். எங்கை எண்டாலும் வந்து சொல்லுவன்."

சொன்னபடி வந்தார். சவரம் செய்து, கழுத்துவரை பொத்தான் பூட்டி வந்தார். இரவீந்திரனும் கூடவே தொற்றிக்கொண்டான். கமெனிஷ் முதலில் அவனைக் கேட்டார். அண்ணை ஜப்பானில் ஒரு வருடம் இருந்தவர், அந்த நாட்டில் ஒவ்வொரு பூவும் அவருக்குத் தெரியும், அப்படிப்பட்ட மனிதரை இந்த நாடு விட்டுவிடக் கூடாது என்று அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். குணசேகரம் கண்ணை மூடினார். இனிச் சிவலிங்கம்.

சிவலிங்கம் அதிகாரியைப் பார்த்தார். தட்டச்சைப் பார்த்தார். தலை குனிந்து நின்ற குணசேகரத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"இவர் பொய் சொல்லி நான் காணேல்லை," என்றார். "தங்கமான மனுசன்."

வெளியே நடைபாதையில் குணசேகரம் அவருடைய சட்டையைப் பிடித்துவிட்டார். "பாவி! என்ன வேலை பாத்தனீர்?"

"நான் என்ன செய்ய?" சிவலிங்கத்தின் குரல் அழுகிறதுபோல் இருந்தது. "காம்பிலை எண்டால் நாலு நாளைக்குச் சொல்லுவன். வெள்ளைக்காரனுக்கு முன்னாலை வைச்சு எங்கடை ஆளைப் பொய்யன் எண்டு எப்பிடிச் சொல்லுறது? நாக்கு எழும்பேல்லை."

உலகத்தில் எங்கே போனாலும் எங்கள் சாதிசனத்தின் ஒற்றுமை இப்படித்தான். உதவ வேண்டிய நேரத்தில் ஒற்றுமைப்பட்டு ஆளைக் குழியில் தள்ளும். கோபத்தில் குணசேகரத்துக்கு மூளை வேலை செய்தது. "அரைமணித்தியாலம் இருக்கச் சொல்லுங்கோ, பிள்ளை," என்று பத்மினியிடம் சொல்லிவிட்டு, இரவீந்திரனைக் காம்புக்குத் துரத்தினார். மெத்தைக்கு அடியில் ஒரு புத்தகம் இருக்கிறது, ஓடிப் போய் எடுத்துவா.

அரைமணி ஒரு மணியாகியது. புத்தகம் மேசைக்கு வந்தது. குணசேகரம் பக்கத்தைத் தானே புரட்டினார். கற்கள், பாசி, மூங்கில், மான், பூ, சிவந்த இலை, பனி. மண்டபத்தில் சொன்ன அதே வரிசை. பாலத்தின் படம் வந்ததும் விரலை வைத்தார். சிவப்புக் குடையோடு அந்தப் பெண் நின்றாள்.

"எப்ப போனாலும் நிக்கிறா எண்டு சொன்னனெல்லோ," என்றார். "அவ இந்தப் படத்துக்குள்ளை நிக்கிறா, ஐயா. அதாலைதான் எப்பவும் நிக்கிறா."

கமெனிஷ் முதலில் படத்தைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பத்மினியும் சிரித்துவிட்டார். கதவுக்கு வெளியே நின்ற இரவீந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு யாரோ செத்ததுபோல் இருந்தது. தட்டச்சில் ஜப்பான் இருந்த வரிமேல் குறுக்கே குறுக்கே அடித்து ஜப்பானை இல்லாமல் பண்ணினார் கமெனிஷ். குணசேகரத்துக்கு மூச்சு வந்தது. கோவிலுக்கு நேர்ந்த தேங்காய்களைக்கூட மனதுக்குள் குறைத்துவிட்டார்.

"சரி," என்றார் பத்மினி. "இனி ஊரிலை நடந்ததைச் சொல்லட்டாம். ஏன் வந்தனீங்கள் எண்டு."

குணசேகரம் சொல்லத் தொடங்கினார். அதை அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. ஆமி ட்ரக் வந்தது என்றார். மூன்றோ நாலோ, தெரியாது. செவ்வாய்க்கிழமை என்றார், பிறகு புதன் என்றார். சங்கக்கடையை வெளியால் பூட்டினார்கள். நெருப்பு. தம்பி உள்ளே நின்றான், மண்ணெண்ணெய்க் கணக்குப் பார்க்க. இல்லை, அவன் கணக்குப் பார்ப்பதில்லை, சும்மாதான் வந்தவன், மனேஜரான தான் வேலியடிக்கு ஒதுங்கப் போயிருந்தபடியால் கடையைப் பார்த்துக்கொள்ள நின்றவன். கதவு, என்றார். கதவைத் தட்டினது கேட்டது. எவ்வளவு நேரம்? தெரியாது. கதவு, என்று திரும்பவும் சொன்னார். கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

தட்டச்சு நின்றது. கமெனிஷ் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் சிரிப்பின் மிச்சம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவர் நீளமாக ஏதோ சொன்னார். பத்மினி தரையைப் பார்த்தபடி இருந்தார். கமெனிஷ் திரும்பவும் சொன்னபோதுதான் அதைத் தமிழில் சொன்னார்.

"ஜப்பானைப் பற்றி எவ்வளவு வடிவாச் சொன்னனீங்கள் எண்டு சொல்லுறார். நிறம், மணம், மாதம், எல்லாம். ஒரு இடத்திலையும் தட்டுப்படேல்லையாம். அதுவே பொய்யாப் போச்சு. இதிலை நாளும் தெரியாது, நேரமும் தெரியாது, ஒண்டும் பொருந்தேல்லை. அப்ப இதை என்னெண்டு நம்புறது எண்டு கேக்கிறார், அண்ணை."

இதற்கு எந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுவது? எந்தச் சாட்சியை? ஏழு மாதம் ஓடின வாய் அவருக்கு இருந்தது. அதை இங்கே திறந்தால் நாள், நேரம், நெருப்பின் நிறம், எல்லாம் வரிசையாக வந்திருக்கும். அது அவருக்கும் தெரிந்தது. தம்பியை அந்த வாயால் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"அது நான் காணாதது, பிள்ளை," என்றார் குணசேகரம். "இது கண்டது."

பத்மினி அந்த இரண்டு வசனத்தையும் ஜெர்மனில் சொல்ல மூன்று தரம் தொடங்கவேண்டி இருந்தது. சொல்லி முடித்தபோது கமெனிஷின் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் படப்புத்தகத்தை மூடி, மேசையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். புதுத் தாள் ஒன்றைச் செருகினார்.

"கதவிலையிருந்து சொல்லட்டாம்," என்றார் பத்மினி. "ஆறுதலாச் சொல்லட்டாம்."

குணசேகரம் பின்னேரம்வரை சொன்னார், முன்னுக்குப் பின்னாக, அழகில்லாமல். இந்த நாட்டில் இருக்கலாம் என்று அடுத்த பங்குனியில் பதில் வந்தது.